ஹெட்மாஸ்டர் கதையின் மீதி

ஜூன் 4

அடி வெடி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவள் சோபாவிலிருந்து அப்படி விருட்டென்று எழுந்து போக மாட்டாள்.

பாதி நாள் கார் ஓட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டு வந்தேன். நான் லீவு விட்டால் ரோட்டில் விபத்து குறையும் என்று சொல்வாய், சொல்லிக்கொள். வந்து உட்கார்ந்து, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் என்னிடம் கார் பழகி, லைசென்ஸ் டெஸ்டுக்குப் போன கதையை ஆரம்பித்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறார். பார்த்தவர், "சார்!" என்று அலறிக்கொண்டு எழுந்து நிற்கப் போக, தலை காரின் கூரையில் மடேர் என்று இடிக்கிறது. ஹெட்மாஸ்டரிடம் படித்த பையன்!

நீ சிரித்தாய். ஹாஸ்டலில் வார்டன் மாடியிலிருந்து இறங்கி வந்து திட்டுவாளே, அதே சிரிப்பு. அதற்காகத்தானே உனக்கு வெடி என்று பெயர் வைத்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று வாயை மூடி எழுந்து உள்ளே போனாய். வரவே இல்லை. உன் வீட்டுக்காரரும் நானும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வந்தபோது வேறு புடவை. எங்கேயோ கிளம்புகிறவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "உனக்கு நேரமாச்சுல்ல?" என்றாய். என்னைத் துரத்த ஒரு புடவை மாற்றமா?

என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. கடலுக்குப் போகிற பயணத்தை ஒருமுறை முழங்கால் வலி என்று தள்ளினாய், ஒருமுறை கோர்ட்டில் லீவு இல்லை என்றாய், போன முறை காரணம்கூடச் சொல்லவில்லை. சொந்தக் கார் வாங்கியதும் உன்னைக் கடலுக்கு ஓட்டிக்கொண்டு போவேன் என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் சொன்னவள் நான். கார் வாங்கி, அது பழசாகி, விற்று, இன்னொன்றும் வாங்கிவிட்டேன்.

நான் என்ன செய்தேன் என்று சொல். சொல்ல முடியாது என்றால், நமக்குள் இனி ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஹெட்மாஸ்டர் கதையின் மீதியும் கிடையாது.

குண்டூசி


ஜூன் 11

என் குண்டூசிக்கு,

உன் கடிதத்தைக் கோர்ட் ரெக்கார்டு ரூமில் நின்று படித்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. உன்மேல் இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் என் வீட்டில் போன் பொதுச்சொத்து. இவர் ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவார். அதனால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசிகிறது. போதுமா? எழுதிவிட்டேன்.

சிரித்தால் மட்டும் இல்லை. தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், பஸ்ஸிலிருந்து இறங்கினால். இப்போதெல்லாம் வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போதே அவசரம் முட்டிக்கொண்டு வருகிறது. சின்னவன் பிறந்த பிறகு ஆரம்பித்தது. அப்போது எப்போதாவது. இப்போது, எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். கறுப்பு, கரும்பச்சை தவிர வேறு நிறத்தில் புடவை எடுப்பதில்லை. என் கைப்பையில் என்ன இருக்கிறது தெரியுமா? மாற்றுத் துணி, பேட், பிளாஸ்டிக் பை. கைக்குழந்தைக்காரி பை மாதிரி.

அன்றைக்கு உன் இன்ஸ்பெக்டர் தலையை இடித்துக்கொண்டதும் நான் முழுசாக நனைந்துவிட்டேன். சோபாவும் நனைந்தது. உள்ளே போய் அழுதுவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். நீ எழுந்து போனால் தேவலை என்றிருந்தது, அது மட்டும் உண்மை. உன் பக்கத்தில் உட்கார எனக்குப் பயம். இந்த உலகத்தில் வேறு யாரும் என்னை அப்படிச் சிரிக்க வைப்பதில்லை. அதனால்தான் கல்யாணத்துக்கு வரவில்லை, அதனால்தான் கடலும் வேண்டாம். பாதி நாள் உன்னோடு ஒரே காருக்குள்ளே! உன் புது சீட்டை நினைத்துப் பார்த்தேன்.

டாக்டரம்மாவிடம் போனால், "ரெண்டு புள்ள பெத்தவ, வயசு அம்பது ஆகப் போகுது, இதெல்லாம் சகஜம்" என்று சிரித்தார். சகஜமாம். அவரால் சிரிக்க முடிகிறது. இவரோ, "தண்ணியக் குறைச்சுக்கோ, சரியாப் போயிடும்" என்கிறார். குறைத்துப் பார்த்தேன். எரிச்சல்தான் கூடியது. கோர்ட்டில் ஸ்டெனோ வேலை எப்படி என்று உனக்குத் தெரியும். ஐயா தீர்ப்புச் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், அவர் எழுந்தால்தான் நான் எழ முடியும். அவர் எழுகிற ஜாதியே இல்லை.

வேறொரு டாக்டர், இதற்கென்றே பயிற்சி தருகிற பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் அனுப்பியிருக்கிறார். போனேன். என் மகள் வயது இருக்கும். இடுப்புக்கு அடியில், முன்னாலிருந்து பின்னால் வரை தொட்டில் துணி கட்டின மாதிரி ஒரு தசை இருக்கிறதாம், அதுதான் எல்லாவற்றையும் தாங்குகிறதாம். உள்ளே பரிசோதித்துப் பார்த்தால்தான் அது எப்படி இருக்கிறது என்று சரியாகத் தெரியும், சம்மதமா என்று கேட்டாள். "அதெல்லாம் வேண்டாம்மா, பயிற்சிய மட்டும் சொல்லு" என்று புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இறுக்கி, மேலே தூக்கி, பிறகு விட வேண்டும். ஒரு நாளைக்குச் சில தடவை. எனக்கு ஞாபகமே இருப்பதில்லை.

இப்போது சொல். இவளோடு இன்னும் சிநேகமாக இருப்பாயா?

வெடி


ஜூன் 16

அடி பைத்தியமே,

கிழிக்கவில்லை. ஆனால் ஒளித்து வைத்துவிட்டேன், பயப்படாதே.

உன்மேல் எவ்வளவு கோபம் தெரியுமா? இதற்கா என்னை இத்தனை நாள் வாசலிலேயே நிற்க வைத்தாய்? என் காரில் முதல் நாள் ஏறுகிறவர்கள் வாந்தி எடுத்திருக்கிறார்கள், ஒரு அம்மா பயத்தில் என் கையையே கடித்தாள். உன்னால் அந்த சீட்டுக்குப் புதிதாக ஒரு அவமானம் வந்துவிடாது.

சகஜம் என்று சொன்ன அந்த டாக்டரம்மாவை என் காரில் ஏற்றி மேட்டில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ஞாபகம் இல்லை என்கிறாயே, அதற்கு என்னிடம் வழி இருக்கிறது. புதுசாகப் பழகுகிறவர்களுக்குக் கண்ணாடியைப் பார்க்கிற பழக்கம் வரவே வராது. நான் என்ன செய்வேன் தெரியுமா? இண்டிகேட்டரில் கை வைக்கும்போதெல்லாம் கண்ணாடியைப் பார் என்று முடிச்சுப் போட்டுவிடுவேன். ஒன்று நடந்தால் மற்றது தானாக நடக்கும். நீயும் அப்படி எதனோடாவது முடிச்சுப் போடு. உங்கள் ஐயா ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "ஃபுல் ஸ்டாப்" என்று வாய்விட்டுச் சொல்வார் என்பாயே? அவர் ஃபுல் ஸ்டாப் சொன்னால் நீ இறுக்கு. சம்பளத்தோடு வைத்தியம்.

ஒரு மாதத்தில் சரியாகிவிடுவாய், பார். கடலுக்கு செப்டம்பரில் போகிறோம். வண்டிக்கு ஆயில் மாற்றப் போகிறேன்.

உன் குண்டூசி


ஜூலை 24

குண்டூசிக்கு,

வண்டிக்கு ஆயில் மாற்றியிருந்தால் நல்லது, நீ மட்டும் போய்விட்டு வா.

நீ சொன்னபடியே செய்தேன். எங்கள் ஐயாவுக்குச் சின்னச் சின்ன வாக்கியம்தான் பிடிக்கும் என்று உனக்குத் தெரியாதே. "சாட்சி வந்தார், ஃபுல் ஸ்டாப். பார்த்தார், ஃபுல் ஸ்டாப். மறுத்தார், ஃபுல் ஸ்டாப்." நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன். ராத்திரி வீட்டில் டி.வி.யில் செய்தி வாசிக்கும்போதுகூட இறுக்கினேன். முதல் வாரம் ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. பிறகு அடிவயிறு வலிக்க ஆரம்பித்தது, இடுப்பு கல்லாகிப் போனது. அவசரம் குறையவில்லை, கூடியது. சரி, இன்னும் பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இறுக்கினேன்.

போன திங்கட்கிழமை ஒரு பெரிய தீர்ப்பு. நடுவில் எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. "என்னம்மா?" என்றார் ஐயா. "வயித்து வலி ஐயா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். அங்கேயே, அந்த வராந்தாவிலேயே, கேஸ் கட்டுகளோடு ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. ஒரு பெண் வக்கீல் தன் கறுப்பு கவுனைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதைப் போர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஒருவர் என்னிடம் நிலத் தகராறுக்கு யோசனை கேட்டார்.

நீ இந்த இடத்தில் சிரிப்பாய். சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பிசியோ பெண்ணிடம் போனேன். இந்த முறை பரிசோதனைக்கும் சரி என்றேன், இனி மறைக்க என்ன இருக்கிறது? நிதானமாக, ஒவ்வொன்றையும் சொல்லிக் கேட்டுத்தான் செய்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், உங்க தசை பலவீனமா இல்ல. அது விடவே மாட்டேங்குது. எந்நேரமும் முறுக்கிக்கிட்டே இருந்தா அது ஓஞ்சு போகும், தும்மல் வர்ற நேரத்துல உதவாது. இறுக்கினதுக்கப்புறம் முழுசா விடச் சொன்னேனே, விட்டீங்களா?"

"விடறதுக்குள்ள அடுத்த ஃபுல் ஸ்டாப் வந்துடுதும்மா."

"எந்த ஃபுல் ஸ்டாப்?"

சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"யார் இப்படிச் செய்யச் சொன்னது?"

"என் சிநேகிதி."

"அவங்க பிசியோவா?"

"டிரைவிங் ஸ்கூல் நடத்தறா."

இறுக்குவதை முழுக்க நிறுத்தச் சொல்லிவிட்டாள். முதலில் விடக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சு உள்ளே போகும்போது வயிறு, இடுப்பு எல்லாம் தளர வேண்டும். கேட்க எவ்வளவு சுலபம்! என்னால் முடியவில்லை குண்டூசி. எத்தனை வருஷமாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று படுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பல்லைக்கூடக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் யோசனை எனக்கு வேண்டாம். உனக்குத் தெரியாத ஒன்றுக்கும் ஒரு யோசனை வைத்திருப்பாய், நானும் அதை அப்படியே கேட்பேன், இதுதான் நம் சிநேகம். யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. உன்மேல் படுகிறேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

வெடி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சொன்ன யோசனையால் உனக்கு இவ்வளவு கஷ்டம் வந்ததற்கு மன்னித்துக்கொள். தெரியாத விஷயத்தில் நான் வாய் திறந்திருக்கக் கூடாது.

பிசியோ சொல்கிறபடி நடந்துகொள். ஓய்வு எடு. தண்ணீரைக் குறைக்காதே. செப்டம்பர் பயணம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். உனக்குச் சிரிப்பு வரும்படி எதையும் இனி எழுத மாட்டேன். நேரில் வந்தாலும் பேச்சை அளவாக வைத்துக்கொள்வேன்.

இங்கே எல்லாரும் நலம். மகள் நலமாக இருக்கிறாள். மழை அதிகம்.

இப்படிக்கு,
குண்டூசி


ஆகஸ்ட் 20

ஏய்,

"மழை அதிகம்" என்று எனக்கா எழுதினாய்? நீயா? எனக்கு வந்த கோபத்தில் உன் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன், கவருக்குப் பசை தீர்ந்துபோயிற்று.

உன்னிடம் இதைச் சொல்லவே மாட்டேன் என்று ஏன் இத்தனை வருஷம் இருந்தேன் தெரியுமா? இதற்குத்தான் பயந்தேன். உடம்பு நனைவதற்கு மாற்றுப் புடவை இருக்கிறது. நீ என்னை நோயாளியாகப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, அளந்து அளந்து பேச ஆரம்பித்தால் அதற்கு நான் எதை மாற்றிக்கொள்வது? வீட்டில் ஏற்கெனவே இவர் அப்படித்தான். கோர்ட் வராந்தாவில் நடந்ததை உடைத்துச் சொன்னேன். அன்றிலிருந்து நான் தும்மினால் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். மரியாதையாம்.

நீ ஒரு தப்பான யோசனை சொன்னாய். நானும் பரிசோதனை வேண்டாம் என்று ஓடினேன், அதனால் அந்தப் பெண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. ஆளுக்குப் பாதி. முடிந்தது. என்னைத் திட்டு, என்னோடு சண்டை போடு, மழையைப் பற்றி மட்டும் எழுதாதே.

சேதி கேள். விடக் கற்றுக்கொண்டேன். பாதிதான், ஆனாலும் கற்றுக்கொண்டேன். ஒருநாள் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது இடுப்பு தானாகத் தளர்ந்தது, அது எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மறுபடி இறுக்கக் கற்றுக்கொடுத்தாள், தும்மலுக்கு ஒரு நொடி முன்னால் மட்டும். எதற்கும் இருக்கட்டும் என்று அடிக்கடி கழிப்பறைக்குப் போகிற பழக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லியிருக்கிறாள். சில நாள் நன்றாகப் போகிறது. சில நாள் எல்லாம் பாழ். நேற்று பஸ் படியில் மறுபடியும். பாதி வழி வந்தேன், திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டேனோ என்று ரோட்டிலேயே அழுதேன்.

ஐயாவிடமும் கேட்டேன். அவர் அறைக்குப் போய் நின்று, "நடுவுல பத்து நிமிஷம் இடைவேளை வேணும் ஐயா, உடம்பு காரணம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எனக்கும் வேணும்மா. சர்க்கரை இருக்கு. நீங்க அசையாம எழுதிக்கிட்டே இருக்கீங்களே, நான் எப்படி எழுந்திருக்கிறதுன்னு உட்கார்ந்திருந்தேன்" என்றார். கேட்டாயா இந்த அநியாயத்தை? இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே இத்தனை வருஷம் அவதிப்பட்டிருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையைக் கவிழ்த்திருப்பேன்.

நீயும் எனக்கு அதே மரியாதையைக் கொடுக்காதே. நான் சொல்ல வந்தது அதுதான்.

பிசியோ பெண் இருமச் சொன்னாள், இருமினேன், தேறினேன். குதிக்கச் சொன்னாள், முக்கால் பாஸ். "சிரிச்சுப் பாருங்க" என்றாள். ஒரு கிளினிக்கில் சுவரில் இடுப்பெலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது? "உங்களுக்கு எதைக் கேட்டா சிரிப்பு வரும்?" என்று கேட்டாள். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் கதையின் மீதியை எழுது. இன்ஸ்பெக்டர் தலையை இடித்துக்கொண்டார். அப்புறம்?

வெடி


ஆகஸ்ட் 27

அடி வெடி,

உன் கடிதத்தை டிரைவிங் ஸ்கூல் வாசலில் படித்துவிட்டு அழுதேன். பழக வந்தவர்கள் நான் யாரையோ இடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மழையைப் பற்றி எழுதியதற்கு மட்டும் மன்னிப்பு. அந்தக் கடிதம் எழுதும்போது எனக்கே வாய் கோணியது.

சரி, கேள். காலை நன்றாக வைத்துக்கொண்டு உட்கார்.

இன்ஸ்பெக்டர் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். பின் சீட்டில் நான். ஹெட்மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீ கடைசி பெஞ்ச்தானே?" என்றார். "ஆமா சார்" என்று இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டார். டெஸ்ட் முடியும்வரை கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "எங்கடா திரும்பணும்?" என்று இவர் கேட்க, "உங்க இஷ்டம் சார்" என்று அவர் சொல்ல, வண்டி நேராகப் போய் நடைபாதையில் ஏறி, ஒரு சலூன் வாசலில் நின்றது. உள்ளே பாதி முகத்துக்கு சோப்பு போட்டிருந்த ஆள் துண்டோடு ஓடினார். பின் சீட்டில் எனக்கென்று ஒரு பிரேக் இல்லாமல் நான் பட்ட பாடு!

ஹெட்மாஸ்டர் இன்ஜினை நிறுத்தினார். "என்னப்பா, எப்படி?" என்றார். இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமி, "ரொம்ப நல்லா ஓட்டினீங்க சார்" என்று சொல்லிப் பேப்பரில் பாஸ் என்று எழுதி நீட்டினார். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். ரிட்டயர் ஆகியும் அதை வைத்திருக்கிறார், பார்! பாஸை அடித்துவிட்டு ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"கணக்குல உன்ன ஃபெயிலாக்கினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அதுவும் சரிதான், இதுவும் சரிதான். அடுத்த மாசம் வரேன். நல்லாப் படிச்சுட்டு வா."

அவ்வளவுதான் கதை. இன்ஸ்பெக்டர் இறங்கும்போது மறுபடியும் எழுந்து நின்றார். மறுபடியும் மடேர்.

குண்டூசி


செப்டம்பர் 3

என் குண்டூசிக்கு,

கிளினிக்கில் பிசியோ பெண்ணிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னேன். சோப்பு முகத்து ஆள் துண்டோடு ஓடியபோது இறுக்கினேன், பிடித்தது. சிவப்புப் பேனா வந்ததும் எல்லாம் மறந்துபோய், வெளியில் காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். அவள் மேற்கொண்டு வாசிக்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்சம் நனைந்தது. பொய் சொல்ல மாட்டேன். "இன்னும் வேலை இருக்கு மேடம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். இருக்கட்டும்.

வண்டியை எடுத்துக்கொண்டு வா. வழியில் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. மஞ்சள் புடவை ஒன்று எடுத்திருக்கிறேன், அதைக் கட்டிக்கொண்டு வருவேன்.

இன்ஸ்பெக்டர் இரண்டாவது முறை தலையை இடித்துக்கொண்டதுவரை உட்கார்ந்து கேட்டேன். பாதியில் எழுந்து போகவில்லை.

உன் வெடி